கர்ப்பகால உயர் இரத்த அழுத்தம்: நஞ்சுக்கொடியிலிருந்து தொடங்கும் நோய்

“தறியில் வெகுநேரம் உட்கார்ந்ததால் கால் வீங்கிவிட்டது”, “உப்பு கூடிவிட்டது”, “வீட்டுக் கவலைதான் காரணம்” என்று கருவுற்ற பெண்ணின் இரத்த அழுத்தம் உயரும்போது தாமல் பகுதி நெசவாளர் குடும்பங்களில் பலவாறாகக் கூறுவதுண்டு. ஆனால் இந்நோயின் வேர் கருப்பையினுள், குழந்தைக்கு உணவூட்டும் நஞ்சுக்கொடியில் உள்ளது.

இயல்பான கர்ப்பத்தில் புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன் மிகுதியாகச் சுரந்து இரத்தக்குழாய்களைத் தளர்த்துகிறது. குழாய்களைச் சுருக்கும் ஆஞ்சியோடென்சின் என்னும் ஹார்மோனும் அப்போது கூடுகிறது. எனினும் தாயின் குழாய்கள் அதற்கு எளிதில் இணங்குவதில்லை. ஆதலால் கர்ப்பத்தின் நடுப்பகுதியில் இரத்த அழுத்தம் சற்றுக் குறைவதே இயல்பு.

சிலருக்கு நஞ்சுக்கொடிக்குச் செல்லும் இரத்தக்குழாய்கள் தொடக்க மாதங்களில் போதிய அளவு விரிவதில்லை. குறைந்த இரத்தம் பெறும் நஞ்சுக்கொடி, ‘எஸ்ஃப்ளிட்-1’ என்னும் புரதத்தை மிகுதியாக வெளியிடுகிறது. அது ஹார்மோனைப் போலவே இரத்தத்தில் கலந்து உடலெங்கும் பரவி, குழாய்களின் உட்சுவரைக் காக்கும் வளர்ச்சிக் காரணிகளைப் பற்றிக்கொண்டு செயலிழக்கச் செய்கிறது. ஆஞ்சியோடென்சினுக்கு இணங்காதிருந்த குழாய்களும் இப்போது சுருங்குகின்றன, அழுத்தம் ஏறுகிறது, சிறுநீரில் புரதம் கசிகிறது. சென்னையில் மருத்துவம் பயின்ற அனந்த் கருமாஞ்சியும் அவர்தம் குழுவினரும் 2003ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இதனைக் கண்டறிந்தனர். அப்புரதத்தைப் பெற்ற எலிகளுக்கும் உயர் இரத்த அழுத்தமும் புரதக் கசிவும் தோன்றின.

இதிலிருந்து நாம் உணர வேண்டியவை மூன்று. முதலாவது, இது தாயின் குற்றமன்று. அவரைக் கடிந்துகொள்வதில் பயனில்லை. இரண்டாவது, நோய் தொடங்கும்போது உடலில் எந்தத் துன்பமும் தெரியாதிருக்கலாம். 20 வாரங்களுக்குப் பின் அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் இருப்பதை அளந்துதான் அறிய இயலும். ஆகவே ஒரு பரிசோதனையையும் தவறவிடாதீர்கள். மூன்றாவது, நஞ்சுக்கொடி வெளியேறினால்தான் நோயின் வேர் நீங்கும். அதனால்தான் மருத்துவர் சில வேளைகளில் நாள் நிறையும் முன்னரே மகப்பேற்றைப் பரிந்துரைக்கிறார். அதுவரை மாத்திரைகள் அழுத்தத்தைக் கட்டுப்படுத்துகின்றன. மெக்னீசியம் சல்பேட் ஊசி வலிப்பைத் தடுக்கிறது.

முந்தைய கர்ப்பத்தில் இந்நோய் வந்தவர்கள், இரட்டைக் குழந்தைகளைச் சுமப்பவர்கள், சர்க்கரை நோய் அல்லது சிறுநீரக நோய் உள்ளவர்கள் தொடக்கத்திலேயே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். தக்கவர்களுக்குக் குறைந்த அளவு ஆஸ்பிரின், பெரும்பாலும் 16 வாரங்களுக்கு முன்பே தொடங்கப்படுகிறது. மருத்துவர் கூறாமல் தாமாக உட்கொள்ளலாகாது.

கடும் தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, மூச்சுத்திணறல், முகமும் கைகளும் திடீரென வீங்குதல், குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் விடியட்டும் என்று காத்திராதீர்கள். உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். வலிப்பு வந்தால் தாயை இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, 108ஐ அழையுங்கள்.

மகப்பேற்றுக்குப் பிந்தைய ஆறு வாரங்களிலும் இந்நோய் தலைகாட்டக்கூடும். குழந்தையைப் பார்க்க வருவோர், தாயின் தலைவலியையும் ஒருமுறை விசாரியுங்கள்.