கடலுக்குப் புறங்காட்டிய ஊர்கள்

தீவு என்றதும் கடலை நோக்கி வாயில் வைத்த வீடுகளும், கரையில் இழுத்துக் கட்டிய படகுகளுமே மனக்கண்முன் தோன்றும். கிரேக்க நாட்டின் கியோஸ் தீவில் தென்பகுதிக்குச் செல்வோர் இதற்கு மாறான காட்சியைக் காண்பர். அங்கே அழகிய கடற்கரைகள் பல உள; ஆனால் பழைய ஊர்களோ கடல் கண்ணில் படாத உட்பகுதியில், மதில் சூழ்ந்து மறைந்திருக்கின்றன. போரில் புறங்காட்டுதல் இழுக்கு. இவ்வூர்கள் கடலுக்குப் புறங்காட்டியதோ பிழைக்கும் வழியாக இருந்தது.

ஈஜியன் கடலின் கிழக்கோரத்தில், துருக்கிக் கரைக்கு அண்மையில் உள்ளது கியோஸ். அதன் பரப்பு ஏறத்தாழ 840 சதுர கிலோமீட்டர். தென்பகுதியில் வளரும் ஒருவகைக் குறுமரத்தின் பட்டையைக் கீறினால் நறுமணப் பிசின் துளிக்கும். நாட்டு மருந்துக் கடைகளில் ரூமி மஸ்தகி என வழங்கும் சரக்கு இதுவே. இம்மரத்தின் இனம் மத்தியதரைக் கடலோரமெங்கும் உண்டு. எனினும், இப்பிசினுக்குப் புகழ்பெற்ற நிலம் தென் கியோசே.

பால்மரம் வெட்டுவோர் இத்தொழிலின் வேறுபாட்டை எளிதில் உணர்வர். இங்கே பட்டையில் நீண்ட கோடு இழுப்பதில்லை. கூரிய கருவியால் ஆங்காங்கே சிறு கீறல்களே இடுவர். மங்கு கட்டுவதும் இல்லை. மரத்தடியைக் கூட்டிச் சமன்படுத்தி, வெண்ணிறச் சுண்ணத்தூளைப் பரப்புவர். கோடையில் அதன்மேல் சொட்டும் பிசின் சில வாரங்களில் இறுகும். அதைத் திரட்டியபின், குளிர்காலத்தில் பெண்கள் கூடி அமர்ந்து, ஒவ்வொரு மணியாகத் தூய்மை செய்வர்.

இப்பிசின் பெருஞ்செல்வம் ஈட்டித் தந்தது. 1346 முதல் 1566 வரை தீவை ஆண்ட ஜெனோவா வணிகர் அதனைத் தம் தனியுரிமையாக்கினர். கடற்கொள்ளையரிடமிருந்து காக்க ஊர்களை அரண்களாக அமைத்தனர். ஓரத்து வீடுகளின் பின்சுவர்களே மதிலாயின. நடுவில் ஒரு கோபுரம் நின்றது. பகைவர் புகுந்தால், ஒட்டியிருந்த கூரைகள் வழியே ஓடி மக்கள் கோபுரத்தை அடையலாம். ஆயினும், மதிலுக்கு வேறொரு பயனும் இருந்தது. பிசினை மறைத்து விற்பார்க்குக் கடுந்தண்டனை உண்டு. பகைவரை வெளியே நிறுத்திய அதே சுவர், உழைத்தவரை உள்ளே நிறுத்தவும் உதவியது.

இவ்வமைப்பை மெஸ்தா என்னும் ஊரில் இன்றும் தெளிவாகக் காணலாம். வளைவுகள் மூடிய அதன் குறுந்தெருக்களில் வெயில் அரிதாகவே விழும். பிர்கி என்னும் ஊரிலோ வீட்டுச் சுவர்கள் முழுவதும் சித்திரம். கருமணல் கலந்த சாந்தின்மேல் வெண்சுண்ணம் பூசி, அதை ஈரத்திலேயே சுரண்டி முக்கோணமும் வட்டமும் சாய்சதுரமுமாக வரைகின்றனர்.

ஊரைக் கண்டபின் கரைக்குச் செல்வது நன்று. எம்போரியோஸ் துறையை அடுத்த மாவ்ரா வோலியா கடற்கரையில் மணலுக்கு மாறாகக் கரிய கூழாங்கற்கள் நிறைந்துள்ளன. பண்டை எரிமலை தந்த கற்கள் அவை. எடுத்துச் செல்லத் தடையுண்டு. சற்றுத் தெற்கே வ்ரூலிடியா என்னும் சிறு கரை வெளிறிய பாறைகளின் அடியில் ஒதுங்கிக் கிடக்கிறது. மேற்கே லித்தியில் மணற்கரையும் மீனுணவு விடுதிகளும் உண்டு. தலைநகருக்கு வடக்கே வ்ரொந்தாடோஸ் கரையோரம் டஸ்கலோபெட்ரா, அதாவது 'ஆசிரியர் பாறை', இருக்கிறது. ஹோமர் அங்கமர்ந்து மாணவர்க்குக் கற்பித்தார் என்பது செவிவழிச் செய்தி. அது சிபெலி என்னும் தாய்த்தெய்வத்தின் வழிபாட்டிடம் என்பர் ஆய்வாளர்.

கடல்வழி வந்த துன்பம் கொள்ளையரோடு முடியவில்லை. கிரேக்க விடுதலைப் போரின்போது, 1822 இல், துருக்கிய ஆட்சியாளரின் படை தீவில் பல்லாயிரவரைக் கொன்றது; பல்லாயிரவர் அடிமைகளாக விற்கப்பட்டனர். பிசின் ஊர்கள் தொடக்கத்தில் தப்பியதற்கு அவை ஈட்டித் தந்த வருவாயே காரணம். உள்நாட்டுக் குன்றுச்சியில் நின்ற அனவாத்தோஸ் தப்பவில்லை. அகப்படுவதினும் சாவதே மேல் என்று அவ்வூரார் பாறையிலிருந்து குதித்தனர் எனக் கூறுவர். 1881 நிலநடுக்கத்துக்குப்பின் அது பெரிதும் பாழூராயிற்று. அதன் வெறுங்கல் வீடுகளைக் காணாமல் தீவைக் கண்டதாகச் சொல்லல் இயலாது.

1912 இல் கியோஸ் கிரேக்கப் படையின் கைக்கு வந்தது. பிசின் உழவர் 1938 இல் தமக்கெனக் கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். முன்னர் பிறர் வைத்த விலைக்கு விளைவித்தவர்கள், தம் விளைவைத் தாமே சேர்ந்து விற்கத் தலைப்பட்டனர். 2012 ஆகஸ்டில் எழுந்த காட்டுத்தீ மரங்கள் பலவற்றை அழித்தது. அத்தொழிலறிவை 2014 இல் யுனெஸ்கோ மானிடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. மதிற்கதவுகள் இப்போது இரவில் அடைபடுவதில்லை. கோடை விடியலில் உழவர் அவ்வழியே தோப்புக்குச் செல்கின்றனர். பயணிகள் அவ்வழியே கடலுக்குச் செல்கின்றனர்.