வெண்மார்பு மீன்கொத்தி

பெயரைக் கேட்டதும் தொழிலை உணர்த்தும் பறவைகள் சில உண்டு. மரங்கொத்தி மரத்தைக் கொத்தும். தேன்சிட்டு தேனை உண்ணும். அவ்வாறே மீன்கொத்தி என்றதும், மீனையும் நீரையும் விட்டு அகலாத பறவை என்று எண்ணிவிடுகிறோம். நாம் நாள்தோறும் காணும் வெண்மார்பு மீன்கொத்திக்கு அவ்வெண்ணம் பொருந்தாது.

மீன்கொத்தியைச் சங்க நூல்கள் சிரல் என்று கூறும். விச்சுளி என்ற பெயரும் தமிழில் உண்டு. இங்குள்ள மலையாள நண்பர்கள் வெண்மார்பனை மீன்கொத்திச்சாத்தன் என்று அழைக்கின்றனர். 1758-இல் லின்னேயசு இதற்கு இட்ட அறிவியற் பெயரிலோ துருக்கி நாட்டுச் சிமிர்னா நகரம் இடம்பெற்றுள்ளது. அந்நாடு தொட்டுத் தென்கிழக்காசியா வரை பரந்து வாழும் பறவை இது.

நீளம் ஏறத்தாழ 28 செ.மீ. தலையும் வயிறும் செம்பழுப்பு; தொண்டையும் மார்பும் வெண்மை; முதுகும் வாலும் நீலம்; அலகு சிவப்பு. அந்நீலம் சாயத்தால் வந்ததன்று. இறகின் நுண்ணிய அமைப்பு நீல ஒளியை மட்டும் மிகுதியாகச் சிதறச் செய்வதால் தோன்றுவது. இறகை நசுக்கி அவ்வமைப்பைச் சிதைத்தால் நீலமும் மறைந்துவிடும். இவ்வழகே இதற்குப் பகையாகவும் முடிந்தது. 19-ஆம் நூற்றாண்டில் தொப்பிகளை அணிசெய்ய இதனை வேட்டையாடினர்.

விடுமுறை நாள்களில் வெள்ளாயணி ஏரியை அடுத்த புஞ்சக்கரி வயல்வெளிக்கு நான் செல்வதுண்டு. அங்கு மின்கம்பியில் அமர்ந்திருக்கும் மீன்கொத்தி பெரும்பாலும் வரப்பையே உற்றுநோக்கியிருக்கக் காண்பேன். வெட்டுக்கிளி, ஓணான், தவளை, நண்டு, சுண்டெலி ஆகிய யாவும் அதற்கு இரை. மீன் அவற்றுள் ஒன்று, அவ்வளவே. பெரிய இரையானால் கிளையில் ஓங்கி அடித்துக் கொன்ற பின்னரே விழுங்கும். செரிக்காத எலும்பையும் பூச்சியின் ஓட்டையும் உருண்டையாகக் கக்கிவிடும்.

நீரின்றியும் வாழவல்ல இப்பறவை மண்ணின்றி வாழாது என்பதே வியப்பு. இது மரத்தில் கூடு கட்டுவதில்லை. செங்குத்தான மண்கரையைத் தேர்ந்து, பறந்து வந்து அலகால் மோதி மோதி ஒரு குழி உண்டாக்கும். பின்னர்க் குடைந்து, ஏறத்தாழ அரை மீட்டர் நீள வளை அமைக்கும். அதன் கோடியிலுள்ள சிற்றறையில் நான்கு முதல் ஏழு வரை வெண்ணிற உருண்டை முட்டைகளை இடும். ஏறத்தாழ மூன்று வாரங்களில் குஞ்சுகள் வெளிவரும்.

ஈண்டு ஒன்று சிந்திக்கத்தக்கது. வயல்களைத் தூர்ப்பதைத் தடுக்க, 2008-இல் கேரள நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. நல்லதே. ஆனால் வயல் எஞ்சியிருந்தும், வாய்க்காலின் இருகரையும் கருங்கல்லாலும் சிமெண்டாலும் மூடப்பட்டால் மீன்கொத்தி எங்கே குடையும்? உணவு கிடைக்கும், தொட்டில் கிடைக்காது.

இன்று இப்பறவை அருகிவிடவில்லை. ஆதலின் இதனைக் காப்பது எளிது. நண்பர்களே, நம் விடுதிப் புறத்திலோ, ஊர்க் குளக்கரையிலோ வளையுள்ள மண்திட்டு ஒன்றைக் கண்டால் அதனைச் சரித்துச் சமன் செய்ய விடாதீர்கள். கரைக்குச் சுவர் எழுப்பியே தீரவேண்டுமாயின், ஒரு பகுதியையேனும் மண்ணாகவே விட்டுவைக்கச் சொல்லுங்கள். குஞ்சுகள் பறந்து வெளியேறும் வரையேனும் வேலையை ஒத்திவைக்கக் கேளுங்கள். அதற்குப் பெரும்பொருள் வேண்டா. பார்க்கும் கண்ணும், சொல்லும் துணிவும் போதும்.