ரேம் வாங்குமுன் மாதிரி பாருங்கள்

பருப்பு மூட்டை எடுக்கும்போது மாதிரி பார்க்காமல் நாம் யாரும் விலை பேசுவதில்லை. ஆனால் கடைக் கம்ப்யூட்டருக்கு உதிரிப் பாகம் வாங்கும்போது மட்டும் இந்த நல்ல வழக்கம் நமக்கு மறந்துவிடுகிறது. அப்படி மறந்து, ஒரு நாள் வியாபாரத்தில் திண்டாடியவர்கள் நாம்.

எங்கள் கடையில் பில் போடுவது, 4 ஜி.பி. ரேமுடன் வந்த பழைய கம்பெனிக் கம்ப்யூட்டரில். சரக்குப் பட்டியல் வளர வளர அதன் வேகம் குறைந்தது. தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கையில், மலிவாகக் கிடைத்த 8 ஜி.பி. ரேம் ஒன்றை வாங்கி, பழையதற்குப் பக்கத்தில் மாட்டினோம். ஸ்லாட்டில் கச்சிதமாக உட்கார்ந்தது. சுவிட்சைப் போட்டால் திரையில் ஒன்றுமில்லை. 'பீப், பீப்' என்ற சத்தம் மட்டும். வாடிக்கையாளர்களின் கடன் பாக்கி முழுவதும் அந்தப் பெட்டிக்குள். அன்று முழுக்கக் கையால் பில் எழுதினோம்.

மறுநாள் வந்த மெக்கானிக் புதிய ரேமைக் கழற்றினார். கம்ப்யூட்டர் உடனே ஓடியது. இதைச் செய்து பார்க்க நமக்குத் தோன்றவில்லை! புதிய ரேமின் ஸ்டிக்கரில், ஏ.எம்.டி. போர்டுக்கு மட்டும் என்று பொடி எழுத்தில் இருந்தது. எங்களுடையது இன்டெல். இரண்டுமே கெடவில்லை, ஜோடிதான் சேரவில்லை. பில்லில் எதுவும் எழுதி வாங்காததால் விற்றவர் திரும்ப எடுக்கவில்லை.

ஆகவே வணிக நண்பர்கள் கீழ்க்கண்டவற்றைக் கவனிக்க வேண்டும்.

1. வகை: டி.டி.ஆர்.3, டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 ஆகியவை ஒன்றுக்குப் பதில் மற்றொன்று சேராது. நான்குக்கும் ஐந்துக்கும் 288 முனைகள்தான். ஆனால் நடுவிலுள்ள வெட்டு இடம் மாறியிருக்கும். உட்காராததை அழுத்தினால் போர்டுக்குச் சேதம்.

2. அளவு: சில சிறிய பெட்டிகளில் லேப்டாப்புக்கான குட்டை ரேம்தான் பொருந்தும்.

3. சர்வர் ரேம்: 'ரெஜிஸ்டர்டு' என்று விற்கப்படும் பழைய சர்வர் ரேம் விலை குறைவு. சாதாரணக் கடைக் கம்ப்யூட்டரில் அது ஓடாது.

4. உச்சவரம்பு: பெட்டியின் மாடல் எண்ணைக் கொண்டு, ஒரு ஸ்லாட்டுக்கு எத்தனை ஜி.பி. என்று கம்பெனிக் கையேட்டில் பாருங்கள். உதாரணமாக, எச்61 சிப்செட் போர்டு மொத்தம் 16 ஜி.பி.க்கு மேல் ஏற்காது. விண்டோஸ் 32 பிட்டாக இருந்தால் 4 ஜி.பி.க்கு மேல் போட்டும் பயனில்லை.

5. வேகம்: 2400-உம் 3200-உம் சேர்த்துப் போட்டால் இரண்டும் 2400-இல்தான் ஓடும். கம்பெனிப் பெட்டிகளில் பெரும்பாலும் இதைக் கூட்ட வழியிராது. அதிக வேகத்துக்கு அதிக விலை கொடுப்பது வீண்.

மாட்டிய பிறகு ஓடவில்லையா? பதற வேண்டாம். பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள். பெட்டியின் இரும்பைத் தொட்டு, உடம்பிலுள்ள மின்சாரத்தை இறக்கிவிட்டுக் கை வையுங்கள். புதியதைக் கழற்றிப் பழையதை மட்டும் போட்டுப் பாருங்கள். பிறகு புதியதை மட்டும். பிறகு ஸ்லாட்டை மாற்றி. முனையில் அழுக்கிருந்தால் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்துத் துடைக்கலாம். 'கிளிக்' என்று கொக்கி விழும்வரை உட்கார வேண்டும். 'பீப்' எத்தனை முறை என்று எண்ணிக் கையேட்டோடு ஒப்பிட்டால் கோளாறு தெரியும்.

ஓடத் தொடங்கியதும் வேலை முடிந்துவிடவில்லை. பழுதான ரேம் சத்தமில்லாமல் கணக்கையே கெடுத்துவிடக் கூடும். விண்டோஸிலேயே உள்ள மெமரி டயக்னாஸ்டிக் சோதனையைக் கடை அடைத்தபின் ஓடவிடுங்கள். எல்லாவற்றுக்கும் முன்பாக, கணக்கு முழுவதையும் பென் டிரைவில் பிரதி எடுத்துவிடுவது அவசியம்.

முடிவாக ஒன்று: ரேம் வாங்கப் போகும்போது பழைய ரேமைக் கழற்றிக் கையோடு கொண்டு போங்கள், அதுதான் மாதிரி. சேராவிட்டால் திரும்ப எடுக்கப்படும் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். சீசன் நெருங்கிய பிறகு, ஓடுகிற பெட்டியில் கை வைக்காதீர்கள்.