ஒரு கடைசல் இயந்திரத்துக்கு 30 சதுர அடி

“ஷோலைக் கழட்டி வச்சிட்டு வா புள்ள. முடியை இறுக்கிக் கட்டு. கையில காப்பு, மோதிரம் ஒண்ணும் இருக்கக் கூடாது.”

கடைசல் இயந்திரத்தின் முன்னால் நிற்பதற்கு மாமா எனக்குப் போட்ட நிபந்தனைகள் இவை. எல்கடுவவில் அவர் குடியிருக்கும் லயத்தின் இஸ்தோப்பில், தகரக் கூரையின் கீழ் அந்த இயந்திரம் நிற்கிறது. அது கடையில் வாங்கியதல்ல. தேயிலைத் தொழிற்சாலையில் பிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர் மாமா. பழைய தண்ணீர்ப் பம்பு ஒன்றின் அரைக் குதிரைவலு மோட்டர், இரண்டு கப்பிகள், ஒரு பெல்ட், நிறுத்து வாங்கிய பழைய இரும்பு ஆகியவற்றை வைத்து அவரே அதைப் பொருத்திக்கொண்டார். பூரிக்கட்டை, பம்பரம், உப்புக் கிண்ணம், மத்து என்று கடைந்து, கேட்பவர்களுக்குக் கொடுத்துவிடுவார். விற்பதில்லை. “இது எனக்கு வேலை இல்லை, பொழுதுபோக்கு” என்பார்.

தோட்டத்தில் அந்தச் சொல்லை நான் அதிகம் கேட்டதில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

கடைதல் என்றால் என்ன?

மற்ற மரவேலைகளில் மரம் அசையாது, கருவி அசையும். கடைசலில் மரம் சுழலும், உளி ஏறக்குறைய நின்ற இடத்தில் நிற்கும். சுழலும் கட்டையில் உளி படும் இடமெல்லாம் வட்டமாகிறது. கட்டில் கால், அம்மிக்குப் பக்கத்தில் கிடக்கும் மர உலக்கை, கரம் ஸ்ட்ரைக்கர், கிரிக்கெட் விக்கெட், மிருதங்கத்தின் பலாக் கட்டை எல்லாம் இந்த ஒரே தத்துவத்தில் பிறந்தவைதான்.

தமிழில் மோர் கடைவதற்கும் மரம் கடைவதற்கும் ஒரே சொல் இருப்பது தற்செயலல்ல. மின்சாரம் வருவதற்கு முன்பு, கட்டையில் கயிற்றைச் சுற்றி ஒருவர் இரண்டு பக்கமும் மாறிமாறி இழுப்பார், அல்லது கடைபவரே வில்லின் நாணைச் சுற்றி முன்னும் பின்னும் இழுப்பார். மத்து சுழலும் அதே முறை. கட்டை ஒரு தரம் முன்னோக்கியும் ஒரு தரம் பின்னோக்கியும் சுழலும். முன்னோக்கிச் சுழலும்போது மட்டும்தான் உளி வெட்டும். மோட்டர் வந்தபிறகு மரம் ஒரே திசையில் நிற்காமல் சுழல்கிறது. வேலை விரைவாகிறது, ஆபத்தும் கூடுகிறது.

அந்த ஆபத்தைக் கணக்காகவே சொல்லலாம். மாமாவின் மோட்டர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,440 தடவை சுழல்கிறது. 6 அங்குல அகலக் கட்டையொன்றை அதே வேகத்தில் சுழற்றினால் அதன் விளிம்பு மணிக்கு 40 கிலோமீற்றருக்கு மேல் ஓடும். எங்கள் மலைப்பாதை வளைவுகளில் பஸ்ஸே அந்த வேகத்தில் போகாது. அதனால் அகலம் கூடக்கூட வேகத்தைக் குறைக்க வேண்டும். உலகெங்கும் கடைபவர்கள் ஒரு எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள்: கட்டையின் அகலத்தை அங்குலத்தில் எடுத்து நிமிடச் சுழற்சியால் பெருக்கினால் விடை 6,000க்கும் 9,000க்கும் இடையில் வர வேண்டும். மோட்டரில் 2 அங்குலக் கப்பியும் அச்சில் 4 அங்குலக் கப்பியும் போட்டால் வேகம் பாதியாகிவிடும். இன்னும் வட்டமாகாத கரடுமுரடான கட்டையை அதைவிடவும் மெதுவாகத்தான் தொடங்க வேண்டும்.

நான் முதல் நாளே இதில் பிழைவிட்டேன். உளியின் சாய்ந்த முதுகை முதலில் மரத்தில் உரசவிட்டு, பிறகு கைப்பிடியை மெல்ல உயர்த்தி வாயைப் படவைக்க வேண்டும். நான் வாயை நேரே கொண்டுபோய் வைத்தேன். உளி கொளுவி, கட்டை பிடியிலிருந்து கழன்று தகரத்தில் போய் அடித்தது. முகத்தில் மாமாவின் மறைப்பு இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. கையுறை கூடாது என்று அவர் சொன்னதன் காரணமும் அன்று விளங்கியது. கையுறையின் நுனியை மரம் பிடித்தால் விரலையும் சேர்த்தே இழுக்கும்.

மரம் எங்கிருந்து வருகிறது?

இலங்கையில் பலாவையும் ஈரப்பலாவையும் அனுமதியில்லாமல் வெட்ட முடியாது. 1951ஆம் ஆண்டின் சட்டம் அவற்றைப் பாதுகாக்கிறது. மாமா எதையும் வெட்டுவதில்லை. விறகாகப் போகும் சவுக்குக் கிளைகள், காற்றில் விழுந்த கொய்யா, வயதான தேயிலையைப் பிடுங்கி மறுநடுகை செய்யும்போது ஒதுக்கப்படும் அடிமரங்கள் ஆகியவைதான் அவருடைய மரம். தேயிலை மரம் சிறியது, ஆனால் கெட்டியானது. நன்றாகக் கடைந்தால் எலும்புபோல் மழமழப்பாக வரும். அவருடைய அம்மா கொழுந்து பறித்த மலையிலிருந்து பிடுங்கிய ஓர் அடிமரத்தில் கடைந்த சிறு கிண்ணம் சாமித் தட்டில் திருநீற்றோடு இருக்கிறது.

பச்சை மரம் கடைய இலகு, ஆனால் காயும்போது வெடிக்கும். அதற்கும் வழி உண்டு. முதலில் தடிப்பாகக் கடைய வேண்டும். சுவரின் தடிப்பு அகலத்தில் பத்தில் ஒன்று, அதாவது 10 அங்குலக் கிண்ணத்துக்கு 1 அங்குலம். வெட்டுமுகங்களில் மெழுகு பூசி நிழலில் மாதக்கணக்கில் வைத்தால் மரம் வெடிக்காமல் கோணிக்கொண்டு காயும். பிறகு திரும்பப் பூட்டி வட்டமாக்கலாம். எல்கடுவவின் பனிமூட்டத்தில் இது இன்னும் நீளும். உணவுக் கிண்ணத்துக்குத் தேங்காயெண்ணெய் பூசுகிறவர்கள் உண்டு. அது இறுகாது, நாளடைவில் சிக்கல் மணம் வரும். தேன்மெழுகு நல்லது.

பக்கத்திலேயே இருந்த கலை

எங்கள் மாத்தளை மாவட்டத்திலேயே ஹப்புவித என்ற ஊர் அரக்குக் கடைசலுக்குப் பெயர்பெற்றது. அரக்கு என்பது ஒரு சிறு பூச்சி மரக்கிளைகளில் சுரக்கும் பிசின். அதைக் கரி நெருப்பில் இளக்கி, இழுத்து முறுக்கி, நிறம் சேர்ப்பார்கள். நாட்டின் மற்றக் கடைசல்காரர்கள் சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உராய்வின் சூட்டில் அது உருகிப் படியும். இந்தியாவில் சன்னபட்டணத்து மரப் பொம்மைகளுக்கு நிறம் ஏறுவதும் இப்படித்தான். ஹப்புவிதவின் தனித்தன்மை நக வேலை. அரக்கை நூலாக இழுத்து, சூடாக்கிய மரத்தின்மேல் கோலமாக வைத்து, பெருவிரல் நகத்தால் நறுக்குவார்கள். ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலில் இது பதிவாகியிருக்கிறது.

அந்த ஊரைப் பற்றி நான் பாடசாலையில் கேள்விப்படவில்லை. மாமாவுக்கும் தெரியாது. கைபேசியில் படங்களைக் காட்டியபோது நீண்டநேரம் பார்த்துவிட்டு, “இவங்களுக்கு எடம் இருந்திருக்கு” என்றார்.

அவர் சொன்னது சரி. கண்டி இராச்சியத்தில் கைவினைக் குடும்பங்கள் அரசனுக்கும் கோயிலுக்கும் செய்த சேவைக்கு ஈடாக நிலம் வைத்திருந்தன. அந்த நிலத்தோடு சாதிக் கட்டாயமும் வந்தது என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் வீடும் முற்றமும் பட்டறையும் அடுத்த தலைமுறைக்குப் போயின. கையின் பழக்கமும் கூடவே போனது.

நமக்கு என்ன கிடைத்தது? 200 ஆண்டுகளுக்கு முன் வரத் தொடங்கியவர்களுக்குப் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா. தச்சு, கொல்லு, கூடை முடைதல் தெரிந்தவர்களும் அந்தக் கூட்டத்தில் வந்திருப்பார்கள். ஆனால் தோட்டத்துக்குத் தேவைப்பட்டது கொழுந்து பறிக்கும் கையும் கவ்வாத்து வெட்டும் கையும் மட்டும்தான்.

இடத்தின் கணக்கு

சிறிய கடைசல் இயந்திரமும் அதன்முன் ஓர் ஆள் நிற்கும் இடமும் சேர்த்து 5 அடிக்கு 6 அடி, 30 சதுர அடி. லயத்துக் காம்பரா 120 சதுர அடி. அதில் நான்கில் ஒரு பங்கை எந்தக் குடும்பமும் பொழுதுபோக்குக்குக் கொடுக்க முடியாது. இஸ்தோப்பில் வைத்தால் பொதுச் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம், பக்கத்து அடுப்படியில் மரத்தூள். பக்கத்து வீட்டுப் பிள்ளை படிக்கும் நேரம் என்பதால் மாமா மாலை 6 மணிக்கு மோட்டரை நிறுத்திவிடுகிறார். பழைய வயர்களில் மோட்டர் ஓட்டுவதும் விளையாட்டல்ல. மின்கசிவால் எரிந்த லயங்களைப் பற்றி நானே செய்தி எழுதியிருக்கிறேன். நில இணைப்பும் ட்ரிப் சுவிட்சும் இல்லாமல் யாரும் இதைத் தொடங்க வேண்டாம்.

அமெரிக்காவில் 1986இலேயே மரங்கடைபவர்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. அங்கே ஓய்வுபெற்ற பலர் வீட்டோடு இருக்கும் வாகனக் கொட்டிலில் இயந்திரத்தை வைத்துக் கடைகிறார்கள். அவர்களுக்கு இருக்கும் ஆசைக்கு மாமாவின் ஆசை எந்த வகையிலும் குறைந்ததல்ல. குறைவது கொட்டில்தான்.

மலையகத்தின் காணிப் பேச்சில் 7 பேர்ச் என்ற எண் அடிக்கடி வருகிறது. 7 பேர்ச் என்றால் ஏறக்குறைய 1,900 சதுர அடி. அதில் வீடு, கழிவறை, கறிவேப்பிலை மரம் எல்லாம் போக ஒரு சாய்ப்பு இறக்க இடம் மிஞ்சும். 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்கள் கேட்டவற்றில் காணி உரிமையும் ஒன்று. காணி கேட்பது உறங்க ஓரிடத்துக்காக மட்டுமல்ல. வேலை முடிந்துவந்த ஒருவர் சம்பளத்தோடு தொடர்பில்லாத ஒன்றைத் தன் விருப்பத்துக்குச் செய்துபார்க்கவும் இடம் வேண்டும்.

போன மாதம் நான் கடைந்த பம்பரம் ஒருபக்கம் சாய்ந்துதான் சுற்றுகிறது. மாமா அதைப் பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்துவிட்டு இன்னொரு கட்டையைப் பூட்டினார். மணி ஐந்தரை. இன்னும் அரைமணி நேரம் இருந்தது.