பகடையும் மதுக்கிண்ணமும்

மேஜையைச் சுற்றி நாலைந்து பேர் அமர்ந்து, ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் வீரனாகவோ மந்திரவாதியாகவோ திருடனாகவோ பாத்திரம் ஏற்று, முடிவு தெரியாத காரியங்களைப் பகடை உருட்டித் தீர்மானித்துக்கொள்ளும் விளையாட்டு, 1974-ஆம் ஆண்டு அமெரிக்காவில் காரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கிய ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்பதிலிருந்து கிளைத்துப் பரவியது. இவ்விளையாட்டின் வீரர்கள் ஒருவரையொருவர் முதன்முதலில் சந்திப்பது பெரும்பாலும் மதுச்சாலையில்தான். ஆதலால் குடித்தவனுக்கு என்ன நேரும் என்பதற்கும் விதி வேண்டியிருந்தது.

1979-இல் வெளிவந்த கதைநடத்துநர் கையேட்டில் கைகாக்ஸ் போதையை லேசானது, நடுத்தரமானது, மிகுந்தது என மூன்று படிகளாக வகுத்தார். படி ஏற ஏறப் புத்தியும் விவேகமும் குறைகின்றன. ஆனால் அதே வேளையில் மனத்துணிவு உயர்கிறது. மது தைரியத்தைக் கொடுத்து நிதானத்தைப் பறிக்கிறது என்ற பிரத்தியட்ச அனுபவம் அந்தச் சிறிய அட்டவணையில் அடங்கியிருப்பதை நான் மனமாரப் போற்றுகிறேன். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பிலோ போதைக்கெனத் தனி அட்டவணை இல்லை. கதைநடத்துநர் பலர் குடித்தவனை விஷமேறியவனாகவே பாவிக்கிறார்கள். அவன் இருபது முகப் பகடையை இருமுறை உருட்டிக் குறைந்த எண்ணையே ஏற்கவேண்டும். எளிய வழிதான், எனினும் இதில் நஷ்டம் மட்டுமே இருப்பதால், ஆபத்துக்கு முன் ஒரு கிண்ணம் குடிக்கலாமா என்ற சபலத்துக்கு இடமில்லாமற் போகிறது.

1986-இல் இங்கிலாந்தில் பிறந்த ‘வார்ஹாமர்’ பாத்திரமேற்பு விளையாட்டு குடியைத் தாங்குவதையே ஒரு திறமையாகக் கொண்டது. அதன் நான்காம் பதிப்பின்படி, குடிக்கும்போது செய்யும் சோதனையில் தோற்குந்தோறும் வாள்வீச்சு, குறிபார்த்தல், புத்தி முதலியவற்றில் பத்துப் பத்தாகக் குறையும், முப்பதோடு நின்றுவிடும். நூற்றுக்கு நாற்பத்தைந்து வாள்திறன் உடையவன் மும்முறை தோற்றால் அவனிடம் எஞ்சுவது பதினைந்தே. உடல்வலிமைக்கு ஏற்ற எல்லையையும் அவன் கடந்துவிட்டால், மீண்டும் ஒரு பகடை: எதிர்ப்பட்டவரையெல்லாம் ஆருயிர் நண்பராகத் தழுவுவான், அல்லது எல்லோரையும் சண்டைக்கு இழுப்பான், அல்லது மறுநாள் விழித்து, நேற்றிரவு என்ன நடந்தது என்பதே நினைவின்றித் திகைப்பான். தண்டனை இவ்வாறு கதையாக மாறுவதே இதன் சிறப்பு. அந்த மறந்துபோன இரவில் அவன் யாரிடம் கடன்பட்டான், யாரைப் பகைத்தான் என்பதிலிருந்தே அடுத்த சாகசம் பிறக்கக்கூடும்.

ஆனால் முதற் கிண்ணத்துக்கே பகடை உருட்டச் சொல்லும் கதைநடத்துநர் ஆட்டத்தைக் கணக்குப் புத்தகமாக்கிவிடுவார். களைப்பாறக் குடிப்பவனை விட்டுவிட்டு, காவலனை மயக்கவோ பந்தயத்தில் வெல்லவோ குடிப்பவனுக்கு மட்டும் இவ்விதிகளைப் பிரயோகிப்பதே உசிதம் என்பது என் அபிப்பிராயம்.