பயிற்சியாளர் மாறினால் பந்தாட்டம் நின்றுவிடலாமா?

ஜூன் மாதம் பிறந்ததும் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பேருந்து நிறுத்தங்கள் களைகட்டிவிடுகின்றன. ஏறத்தாழ 12 கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்த இவ்விரு ஊர்களைச் சுற்றிலும் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. 1973ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ராஜபாளையம் ராஜுக்கள் கல்லூரியும், 1984இல் கிருஷ்ணன்கோவிலில் பொறியியல் கல்லூரியாகத் தோன்றிப் பின்னர் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக வளர்ந்த கலசலிங்கமும் யாவரும் அறிந்தவை. நம் சமுதாயத்துப் பிள்ளைகளும் பாடப்புத்தகத்தோடு ஒரு கால்பந்தையும் மனத்தில் சுமந்துகொண்டு கல்லூரிப் படியேறுகின்றனர்.

அவர்களுள் உங்கள் மகனும் ஒருவனாக இருக்கக்கூடும். முதலாண்டில் அணியில் இடம்பெற்று, இரண்டாமாண்டில் பல்கலைக்கழக அணித் தேர்வுக்குச் செல்லும் நிலையில், அவனைக் கண்டெடுத்து வளர்த்த உடற்கல்வி இயக்குநர் ஓய்வு பெற்றுவிட்டார் என்றோ, வேறு கல்லூரிக்குச் சென்றுவிட்டார் என்றோ ஒரு நாள் வீட்டில் வந்து சொல்லுவான். பெற்றோராகிய நாம், "அதனால் என்ன? இன்னொருவர் வருவார், நீ படிப்பைப் பார்" என்று சொல்லிவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். அது அவ்வளவு எளிய செய்திதானா என்பதைச் சற்றே சிந்திப்போம்.

ஒரே மனிதரின் தோளில்

பெரிய கால்பந்துக் கழகங்களில் தலைமைப் பயிற்சியாளர், துணைப் பயிற்சியாளர், கோல்காப்பாளருக்கெனத் தனிப் பயிற்சியாளர், மருத்துவர், மேலாளர் எனப் பலர் இருப்பர். ஒருவர் விலகினாலும் மற்றவர் நின்று நடத்துவர். சிறிய கல்லூரியிலோ இத்தனை பொறுப்பும் ஒரே உடற்கல்வி இயக்குநரின் தோளில்தான் அமர்ந்திருக்கிறது. கால்பந்து மட்டுமன்று, கைப்பந்து, கபடி, தடகளம் அனைத்துக்கும் அவரே. மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடச் செய்வதும், போட்டிக்குப் பெயர் அனுப்புவதும், பயணப்படிக்கு முதல்வரிடம் கையெழுத்து வாங்குவதும், காயம்பட்ட மாணவனை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதும் அவர் பணியே.

இன்னொன்றையும் கவனியுங்கள். இளங்கலைப் படிப்பு மூன்றாண்டுகள். ஒவ்வோர் ஆண்டும் அணியில் மூன்றில் ஒரு பங்கினர் பட்டம் பெற்று வெளியேறுகின்றனர். மூன்றாண்டுகள் கழித்துப் பார்த்தால் பழைய முகம் ஒன்றுகூட மைதானத்தில் இராது. எனவே, கல்லூரி அணியின் நினைவாற்றல் மாணவர்களிடம் இல்லை. அது பயிற்சியாளரிடமே இருக்கிறது. அவர் போகும்போது அந்த நினைவாற்றலும் உடன் போய்விடுகிறது.

கைநழுவும் சான்றிதழ்

இழப்பு வெற்றி தோல்வியோடு நிற்பதில்லை. கல்லூரிகளுக்கிடையிலான போட்டிகளில் ஒளிரும் மாணவர் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாகிறார். அவ்வணி மண்டலப் போட்டியில் ஆடி, அதில் முன்னேறினால் அகில இந்தியப் பல்கலைக்கழகக் கால்பந்துப் போட்டிக்குச் செல்கிறது. அதில் வழங்கப்படுவதே சர் ஆசுதோஷ் முகர்ஜி கோப்பை. பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டியில் ஆடியதற்குரிய சான்று, விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசுப் பணி கோருவோர் இணைக்க வேண்டிய படிவங்களுள் 'படிவம் 3' எனப்படும். ஓர் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைக்கு அத்தாள் ஒரு வேலைக்கான வாயிலாக அமையக்கூடும்.

இந்தப் படிகளில் ஏதேனும் ஒன்றில் உரிய நாளுக்குள் பெயர் சென்று சேராவிட்டால், மாணவன் எவ்வளவு திறமைசாலியாயினும் அவ்வாண்டு போனது போனதுதான். பயிற்சியாளர் பணியிடம் சில மாதங்கள் காலியாகக் கிடந்தால் இத்தகைய இழப்பே முதலில் நேர்கிறது. தோற்ற ஆட்டத்தை அடுத்த ஆண்டு வெல்லலாம். தவறிய ஆண்டை எங்கே போய்த் தேடுவது?

ஓய்வு என்பது திடீரென வந்து விழும் இடியன்று. தமிழக அரசு ஓய்வு வயதை 2020இல் 58இலிருந்து 59 ஆகவும், 2021இல் 60 ஆகவும் உயர்த்தியது. ஒருவர் எந்த ஆண்டு ஓய்வு பெறுவார் என்பது அவர் பணியில் சேர்ந்த நாளிலேயே தெரிந்த கணக்கு. சுயநிதிப் பிரிவுகளில் பணியாற்றுவோர் நல்ல ஊதியம் கிடைக்குமிடத்துக்குச் செல்வதும் இயல்பே. இயல்பாக வரக்கூடிய ஒன்றுக்கு முன்கூட்டியே ஆயத்தமாகாதிருப்பதுதான் குறை.

ஓர் ஆசிரியரின் வரலாறு

ஹைதராபாத்தைச் சேர்ந்த சையது அப்துல் ரஹீமின் வரலாறு இங்கு நினைவுகூரத்தக்கது. 1909இல் பிறந்த அவர் தொழிலால் பள்ளி ஆசிரியர். 1943 முதல் ஹைதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளராகவும், 1950 முதல் ஹைதராபாத் நகரக் காவல்துறை அணியின் பயிற்சியாளராகவும் விளங்கினார். அவ்வணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது. அவர் பயிற்றுவித்த இந்திய அணி 1951 டெல்லி ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை 4-2 என வீழ்த்தி, ஒலிம்பிக் அரையிறுதியை எட்டிய முதல் ஆசிய அணி என்னும் பெருமையைப் பெற்றது. 1962 ஜகார்த்தாவில், புற்றுநோய் உடலை அரித்துக்கொண்டிருந்த நிலையிலும் அவர் அணியோடு நின்றார். இறுதியாட்டத்தில் தென்கொரியாவை 2-1 என வென்று இந்தியா மீண்டும் தங்கம் பெற்றது. அடுத்த ஆண்டு, 1963 ஜூன் 11ஆம் நாள் அவர் இறையடி சேர்ந்தார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அவருடைய முறைகள் வியப்புக்குரியவை. பந்தைத் தானே உருட்டிச் செல்லாமல் உடனுக்குடன் தோழனுக்குத் தட்டிவிட வேண்டும் என்ற விதியோடு இளைஞர்களுக்குப் போட்டிகள் நடத்தினார். பழகாத காலால் மட்டுமே பந்தை உதைக்க வேண்டும் என்றும் சில போட்டிகளில் விதித்தார். இதற்குப் பெரும் பணம் தேவையில்லை. ஒரு பந்தும், மைதானமும், சிந்திக்கும் ஓர் ஆசிரியரும் போதும். நம் ஊர்க் கல்லூரிகளிலும் இதை நாளையே தொடங்கலாம்.

அவருக்குப்பின் என்ன நேர்ந்தது? 1964 ஆசியக் கோப்பையில் இரண்டாமிடமும், 1970 பாங்காக்கில் சையது நயீமுத்தீன் தலைமையில் வெண்கலமும் கிடைத்தன. ஆனால் ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் தங்கம் அதன்பின் நமக்குக் கிட்டவேயில்லை. இச்சரிவுக்கு அவர் மறைவு ஒன்றே காரணமன்று. ஆயினும், இந்தியக் கால்பந்தையே தம்மோடு கொண்டுபோய்விட்டார் என்று அவரிடம் பயின்ற வீரர் ஒருவர் ஏங்கும் அளவுக்கு, அவர் கற்றுத் தந்தவற்றைத் தொடர்ந்து நடத்த ஓர் ஏற்பாடு இல்லாமற்போனது.

உயர்த்திய மாற்றமும் உண்டு

மாற்றம் எப்போதும் தீமையே என்றும் எண்ணிவிடலாகாது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஆடிய தமிழரான சைமன் சுந்தர்ராஜ் கேரள அணியின் பயிற்சியாளரானார். 1973இல் கொச்சியில் நடந்த இறுதியாட்டத்தில் ரயில்வே அணியை 3-2 என வென்று, கேரளம் முதன்முறையாகச் சந்தோஷ் கோப்பையைக் கைப்பற்றியது. வெளியிலிருந்து வந்த ஒருவர் ஓர் அணியை எவ்வளவு உயர்த்த முடியும் என்பதற்கு இதுவே சான்று.

நம் காலத்திலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்றுவித்த சென்னை சிட்டி அணி, கோவை நேரு விளையாட்டரங்கைத் தாயகமாகக் கொண்டு ஆடி, 2018-19ஆம் ஆண்டின் ஐ-லீக் பட்டத்தை வென்றது. 43 புள்ளிகளோடு, ஈஸ்ட் பெங்கால் அணியை ஒரே புள்ளியில் முந்தியது. பின்னர் முன்னணி வீரர்கள் ஒவ்வொருவராய் விலகினர். 2020இல் பயிற்சியாளரும் விடைபெற்றார். 2020-21ஆம் ஆண்டுக்குப்பின் அவ்வணியே ஐ-லீக்கில் இல்லை. பட்டம் வென்ற அணிக்கே இக்கதி எனில், ஆண்டுக்குச் சில ஆட்டங்கள் மட்டுமே ஆடும் சிறு கல்லூரி அணியைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

அமெரிக்காவிலும் சிறு கல்லூரிகள் ஏராளம். அங்கு மூன்றாம் பிரிவு எனப்படும் கல்லூரிகள் விளையாட்டுக்கென உதவித்தொகை வழங்குவதில்லை. பயிற்சியாளர் நேரில் சென்று பேசி மாணவரைச் சேர்ப்பதே வழக்கம். அதனால் அவர் விலகினால் மாணவர் சிலர் வேறு கல்லூரி நாடுவதும் உண்டு. நம் பிள்ளைகளுக்கோ கட்டிய கட்டணமும் பாதியில் நிற்கும் பாடத்திட்டமும் அவ்வழியை அடைத்துவிடுகின்றன. அவர்கள் அங்கேயே இருந்தாக வேண்டும். ஆகவே ஒழுங்காகக் கைமாற்றிக் கொடுக்கும் கடமை பெரியவர்களுடையதாகிறது.

காலித் (ரலி) கற்பிக்கும் பாடம்

இஸ்லாமிய வரலாற்றில் இதைவிடப் பெரிய தலைமை மாற்றம் ஒன்று நிகழ்ந்தது. கி.பி. 634இல் உமர் (ரலி) அவர்கள் கலீஃபாவாகப் பொறுப்பேற்றதும், தோல்வியே அறியாத தளபதி காலித் பின் வலீத் (ரலி) அவர்களைத் தலைமையிலிருந்து விலக்கி, அபூ உபைதா (ரலி) அவர்களிடம் அப்பொறுப்பை ஒப்படைத்தார்கள். வெற்றி தனியொரு மனிதரால் வருவதன்று, அல்லாஹ்வால் வருவது என்பதை மக்கள் உணர வேண்டும் என்பதே உமர் (ரலி) அவர்களின் நோக்கம் என வரலாற்றாசிரியர்கள் கூறுவர். காலித் (ரலி) அவர்கள் முகம் சுளித்து ஒதுங்கினார்களா? இல்லை. புதிய தலைவரின் கீழ் ஒரு வீரராக நின்று தொடர்ந்து போர்புரிந்தார்கள். அபூ உபைதா (ரலி) அவர்களும் முன்னவரை மதித்து, அவர்தம் அனுபவத்தைப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

விலக்கியவர், விலகியவர், ஏற்றவர் ஆகிய மூவரும் பொறுப்பை அமானிதமாகக் கருதினர். படை நிலைகுலையாமல் முன்னேறியதன் இரகசியம் அதுவே. ஒரு கல்லூரி மைதானத்துக்கும் இப்பாடம் பொருந்தாதா?

யார் என்ன செய்யலாம்?

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டும் கை தலைமுறைக்குத் தலைமுறை மாறுகிறது; பதம் மட்டும் மாறுவதில்லை. அடுப்பருகே நின்று பதம் பார்க்கக் கற்ற ஒருவர் எப்போதும் இருப்பதே காரணம். அந்த ஏற்பாடே கல்லூரி அணிக்கும் தேவை.

விடைபெறும் பயிற்சியாளர் ஒரு குறிப்பேட்டை எழுதி வைத்துச் செல்லட்டும். எந்த வீரர் எவ்விடத்தில் ஆடுபவர், யாருக்கு எந்தக் காயம், எந்தப் போட்டிக்கு எப்போது பெயர் அனுப்ப வேண்டும், யாருடைய சான்றிதழ் வரவேண்டியுள்ளது என்பன அதில் இருக்கட்டும்.

கல்லூரி நிர்வாகம் ஓய்வு நாளுக்கு முன்பே அடுத்தவரைத் தேடத் தொடங்கட்டும். இயலாதெனில், விளையாட்டில் ஆர்வமுள்ள பேராசிரியர் ஒருவரிடம் தற்காலிகப் பொறுப்பை எழுத்து மூலம் ஒப்படைக்கட்டும். பட்டம் பெற்று உள்ளூரில் இருக்கும் முன்னாள் வீரர்கள் மாலையில் வந்து இளையவர்களோடு நிற்கலாம்.

புதிதாக வருபவர் முதல் சில வாரங்கள் பார்த்துக்கொண்டிருக்கட்டும், அதன்பின் மாற்றட்டும். வந்த அன்றே பழைய தலைவனை நீக்கி, பழைய ஆட்டமுறையைக் குறைகூறினால், பிள்ளைகளின் உள்ளம் ஒட்டாது. பிள்ளைகளும், "பழைய சார் இப்படிச் சொல்லமாட்டார்" என்று எதற்கெடுத்தாலும் ஒப்பிட்டுப் பேசுவதை விடவேண்டும்.

பெற்றோரே, உங்கள் பங்கு சிறிதன்று. புதியவர் வந்ததும் ஒருமுறை கல்லூரிக்குச் சென்று ஸலாமும் வணக்கமுமாய் அவரைச் சந்தியுங்கள். பழையவர் நம் பிள்ளைகளின் தேவையைப் பழக்கத்தால் அறிந்திருப்பார். புதியவருக்கு நாம்தான் சொல்ல வேண்டும். ஜும்ஆ நேரத்தில் பயிற்சி வேண்டாம், மஃரிப் பாங்குக்குள் ஆட்டம் முடிந்தால் நலம், ரமலானில் கடும் ஓட்டப் பயிற்சியைக் குறைத்துக்கொள்ளலாம் என்று பணிவோடு எடுத்துரைத்தால் மறுப்பவர் அரிது. தொடை மறையவேண்டுமே என்று தயங்கும் பெற்றோர் ஒன்றை அறிய வேண்டும்: காற்சட்டைக்குள் அதே நிறத்தில் நீண்ட உள்ளாடை அணிவதைக் கால்பந்து விதிகள் அனுமதிக்கின்றன. அணியில் அதை அணிவோர் அனைவரும் ஒரே நிறத்தில் அணிய வேண்டும் என்பதே நிபந்தனை. இதற்காகப் பிள்ளையை மைதானத்திலிருந்து இழுத்து வர வேண்டியதில்லை.

நம் நாயகம் (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடியதை ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். உடலுரத்தை வெறுக்கும் மார்க்கமன்று நம்முடையது. தொழுகையைத் தவறவிடாமல், பந்தயப் பணத்தின் பக்கம் சாயாமல், படிப்பையும் கைவிடாமல் ஆடும் ஒரு பிள்ளை, மாலை நேரத்தில் தீய நட்பிலிருந்தும் போதையிலிருந்தும் காக்கப்பட்டவனாகிறான். பயிற்சியாளர் இல்லாத மைதானத்திலிருந்து அவன் எங்கே போகிறான் என்பதை எண்ணிப் பாருங்கள். இவ்வாண்டு உங்கள் மகனின் கல்லூரியில் மைதானத்துக்குப் பொறுப்பானவர் யார், அவர் எப்போது ஓய்வு பெறுகிறார், அடுத்து வருபவர் யார் என்னும் மூன்று கேள்விகளையும் இம்மாதமே கேட்டு வையுங்கள். பிள்ளைகளின் உழைப்பை வீணாக்காமல் காக்கும் பொறுப்பை உணர்ந்தவர்களாக வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.