அம்பு எண்ணிக்கையில் ஒரு பந்தயம்: ஷில்லாங்கை ஆளும் இரண்டு இலக்கம்

ஷில்லாங்: பணம் வைத்துச் சூதாடுவது நாட்டின் பெரும்பாலான மாநிலங்களில் குற்றம். ஆனால், மேகாலயத் தலைநகர் ஷில்லாங்கில் ஞாயிறு மற்றும் விடுமுறை நாள்கள் தவிர, தினமும் மாலை 4 மணியை ஒட்டி போலோ மைதானப் பகுதியில் அரசு அனுமதியுடன் ஒரு பந்தயம் நடக்கிறது. அதில் யார் வென்றார், யார் தோற்றார் என்ற கேள்வியே கிடையாது. மொத்தம் எத்தனை அம்புகள் இலக்கில் தைத்தன என்பது மட்டுமே கேள்வி.

"தீர்' என்பது இதன் பெயர். இந்தியில் அம்பு என்று பொருள். காசி மலைப் பகுதியைச் சேர்ந்த 12 வில்வித்தை மன்றங்கள் கூட்டாக இதை நடத்துகின்றன. ஏறக்குறைய 50 வில்லாளிகள் அரைவட்டமாகக் குந்தி அமர்ந்து, உருளை வடிவில் இறுகக் கட்டப்பட்ட ஒரே இலக்கை நோக்கிச் சில நிமிடங்கள் அம்பு மழை பொழிகின்றனர். முதல் சுற்றில் ஒருவருக்கு 30 அம்புகள் வரை. சுமார் ஒரு மணி நேரம் கழித்து நடைபெறும் இரண்டாவது சுற்றில் 20 வரை. இலக்கில் தைத்தவை மட்டும் பிடுங்கப்பட்டு, பார்வையாளர்களின் கண் முன்னே பத்துப் பத்தாக எண்ணப்படுகின்றன. எண்ணிக்கை 786 என்றால் வென்ற எண் 86. 703 என்றால் 03. கடைசி இரண்டு இலக்கத்துக்குத்தான் மதிப்பு.

நகரெங்கும் உள்ள சிறு சிறு சீட்டுக் கடைகளில் 00 முதல் 99 வரை எந்த எண்ணிலும் பணம் கட்டலாம். முதல் சுற்று எண்ணைச் சரியாகச் சொன்னால் ரூபாய்க்கு 80. இரண்டாவது சுற்றுக்கு 60. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் ரூபாய்க்கு 4,000. பத்தாம் இலக்கத்தை மட்டும், அல்லது கடைசி இலக்கத்தை மட்டும் சொல்லும் சில்லறைப் பந்தயங்களும் உண்டு. ஒரு ரூபாயில் தொடங்கலாம் என்பதால் கூலித் தொழிலாளி, காய்கறி வியாபாரி, வாடகைக் கார் ஓட்டுநர், அலுவலக ஊழியர் என்று பேதமின்றி எல்லோரும் ஆடுகின்றனர்.

எண்ணைத் தேர்ந்தெடுப்பதற்கு வழிகாட்டி, முந்தைய இரவின் கனவு. கனவில் வந்த மனிதர், விலங்கு, பொருள் ஒவ்வொன்றுக்கும் வழிவழியாக எண் சொல்லும் பழக்கம் இங்கு வேரூன்றியுள்ளது. காலையில் தேநீர்க் கடையில் கனவைச் சொல்லி, எண் கேட்டு, கடைக்குப் போய்ச் சீட்டு வாங்குவது நகரின் அன்றாட நடைமுறை. இது போதாதென்று இணையத்தில் "இன்றைய எண்' விற்பவர்களும் பெருகிவிட்டனர். நாளை தைக்கப்போகும் அம்புகளின் கடைசி இலக்கத்தை அறிந்தவர், அதை ஏன் அடுத்தவருக்கு விற்க வேண்டும் என்று வாங்குவோர் கேட்பதாகத் தெரியவில்லை.

கணக்கு சொல்வது என்ன?: நூறு எண்களில் ஒன்றுதான் வெல்லும். கொடுப்பதோ 80 மடங்கு. அதாவது, முதல் சுற்றில் கட்டப்படும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் சராசரியாக 20 ரூபாய் திரும்பி வராது. இரண்டாவது சுற்றில் 40 ரூபாய். இரண்டு சுற்றுக்கும் சேர்த்துச் சொல்லும் பந்தயத்தில் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று, கொடுப்பது 4,000. கண்ணைப் பறிக்கும் அந்தத் தொகையின் பின்னே 100க்கு 60 ரூபாய் இழப்பு ஒளிந்திருக்கிறது.

அமெரிக்காவின் தொழில்முறைக் கால்பந்தில், இரு அணிகளும் சேர்ந்து எடுக்கும் மொத்தப் புள்ளிகள் மீது பந்தயம் கட்டும் முறை மிகவும் பிரபலம். பந்தய நிறுவனம் 44.5 என்று ஒரு கோடு போடும். மொத்தம் அதற்கு மேலா, கீழா என்று சொல்ல வேண்டும். வழக்கமாக 110 டாலர் கட்டினால் லாபம் 100. இரு பக்கமும் சமமாகப் பணம் விழுந்தால் நிறுவனத்துக்கு மிஞ்சுவது 100க்கு நாலரை டாலர். அந்த ஆட்டத்தில் தட்பவெப்பம், காயமடைந்த வீரர்கள், தற்காப்பின் வலிமை ஆகியவற்றை அலசுபவருக்குக் கொஞ்சமேனும் இடமுண்டு. 2019 பிப்ரவரி இறுதிப் போட்டியில் 50க்கும் மேல் எதிர்பார்க்கப்பட்ட மொத்தம் வெறும் 16இல் (13-3) முடிந்தது, "கீழ்' என்றவர்கள் வென்றனர். அங்கு 2018 மே மாதம் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு மாநிலங்கள் ஒவ்வொன்றாக விளையாட்டுப் பந்தயத்தை அனுமதித்து வருகின்றன.

தீர் பந்தயத்தில் அத்தகைய அலசலுக்கு வழியில்லை. காற்று பலமாக வீசினால் மொத்தம் குறையும் என்று ஊகிக்கலாம். ஆனால் 740க்குப் பதில் 690 வரும் என்று அறிந்தவருக்குக்கூட, கடைசி இரண்டு இலக்கம் பற்றி எதுவும் தெரியாது. அம்பு எய்பவருக்கு இது முழுக்க முழுக்கத் திறமை; பணம் கட்டுபவருக்கு முழுக்க முழுக்கக் குலுக்கல் சீட்டு.

இருந்தும் ஆசை ஏன் அடங்குவதில்லை? ஒருவர் ஆண்டுக்கு 300 நாள், நாளுக்கு 10 ரூபாய் வீதம் முதல் சுற்றில் ஒரே ஒரு எண்ணில் கட்டுவதாகக் கொள்வோம். ஒரு முறையாவது அவர் வெல்வதற்கான வாய்ப்பு 95 சதவீதம். சராசரியாக ஆண்டுக்கு 3 முறை 800 ரூபாய் கைக்கு வரும். கட்டியது 3,000, வந்தது 2,400. அண்டை வீட்டார், உறவினர், உடன் பணிபுரிபவர் எல்லோருமே என்றாவது வென்றவர்கள். தோற்ற நாள்களின் 10 ரூபாயை யாரும் நினைவு வைத்துக் கொள்வதில்லை. நாளுக்கு 10 ரூபாயோடு நிற்பவர்களுக்கு இது பொழுதுபோக்கு. விட்டதைப் பிடிக்க 100, 200 என்று ஏறும் தினக்கூலிக் குடும்பங்களில்தான் அடுப்பு வரை இதன் சூடு எட்டுகிறது.

மரபும் சட்டமும்: காசி மக்களுக்கு வில் வெறும் விளையாட்டுப் பொருள் அன்று. ஆண் குழந்தைக்குப் பெயர் சூட்டும் சடங்கில் வில்லும் மூன்று அம்புகளும் வைக்கப்படுவது மரபு. 1829 முதல் 1833 வரை ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட தீரோத் சிங்கின் படையினர் துப்பாக்கிக்கு எதிராக ஏந்தியவை வில்லும் வாளும். ஊருக்கு ஊர் நடந்த வில்வித்தைப் போட்டிகளில் எதிரணியைக் கேலி செய்து பாடும் வழக்கமும் இருந்தது. அப்போட்டிகளில் மெல்லப் பந்தயம் புகுந்து, பிறகு பந்தயமே பிரதானமாகிவிட்டது.

தடுக்க முடியாத ஒன்றை முறைப்படுத்தி வரி வசூலிப்பது என்று மாநில அரசு 1982இல் முடிவு செய்து, கேளிக்கை மற்றும் பந்தய வரிச் சட்டத்தின் வரம்புக்குள் இதைக் கொண்டு வந்தது. 2018இல் அம்பு எய்தலுக்கும் சீட்டு விற்பனைக்கும் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. பந்தயமும் சூதாட்டமும் அரசமைப்புச் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் 34ஆவது இனமாக இடம்பெற்றிருப்பதால் மேகாலயத்துக்கு இந்த அதிகாரம் கிடைத்தது. குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது என்று, சென்னை ரேஸ் கிளப் தொடர்பான வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு நினைவிருக்கலாம். தீர் அந்த வாதத்தை நாடவே இல்லை. மாநிலச் சட்டம் நேரடியாக அளித்த அனுமதியே அதற்குப் போதுமானது.

மும்பையின் மட்கா சூதாட்டமும் இதே போன்ற எண் விளையாட்டுதான். நியூயார்க் பருத்திச் சந்தை விலையின் இலக்கங்களில் தொடங்கிய அது, 1960களில் குடத்திலிருந்து சீட்டு எடுப்பதாக மாறி, சட்டவிரோதக் கும்பல்களின் கையில் வளர்ந்தது. அங்கே எண் எப்படி வந்தது என்பதை ஆடுபவர் நம்பித்தான் ஆக வேண்டும். ஷில்லாங்கில் மைதானத்துக்குப் போய்த் தாமே அம்புகளை எண்ணிப் பார்க்கலாம். ஐம்பது பேரும் கூடிச் சதி செய்தாலொழிய குறிப்பிட்ட ஓர் எண்ணை வரவழைப்பது கடினம். பந்தயத்தின் மீது மக்கள் வைத்துள்ள நம்பிக்கைக்கு இதுவே காரணம்.

சிக்கல் எழுவது மைதானத்துக்கு வெளியே. அண்டை மாநிலமான அஸ்ஸாமில் தீர் சீட்டு விற்பது சட்டவிரோதம். ஆனால் முடிவு எண் கைப்பேசியில் நொடியில் பரவுவதால், குவாஹாட்டி வரை மறைமுகக் கடைகள் முளைக்கின்றன. போலீஸார் சோதனை நடத்துவதும் அவை இடம் மாறுவதும் வாடிக்கை. அங்கே வென்றவருக்குப் பணம் தர மறுத்தால் முறையிட இடமில்லை. மேகாலய அரசுக்கு வரியும் கிடையாது.

பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை, திறமை சார்ந்தவையா அதிர்ஷ்டம் சார்ந்தவையா என்று பாராமல் தடை செய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. கடையில் காகிதச் சீட்டு வாங்கி ஆடும் தீர் அந்தச் சட்டத்தின் வரம்புக்குள் வராது. இதே எண்ணின் மீது இணையம் வழியே பணம் வசூலிப்பவர்களோ, எங்கிருந்து வசூலித்தாலும், அதில் சிக்குவார்கள்.

2020 மார்ச்சில் கரோனா பொது முடக்கத்தால் அம்பு எய்தல் நின்றபோது, அன்றாடக் கூலி பெறும் வில்லாளிகளும் சீட்டுக் கடைக்காரர்களும் ஒரே நாளில் வருமானம் இழந்தனர். பந்தயம் இல்லாத வில்வித்தையை அப்போது எவரும் நடத்த முன்வரவில்லை.